கூட்டி அள்ளிய குருவிகள்

1999 ஒக்ரோபரில் ஒரு விடியப்புறம் 17 குருவிகளைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினேன். எண்ணவேண்டும் என்ற யோசனையே இருக்கவில்லை. குப்பை அள்ளும் தட்டில் விழும்போது அவை சத்தம் போடவில்லை. விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்தக் கணக்கு மனதில் தங்கிவிட்டது.

ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு பெரிய ஒபிஸ் கட்டடம். பெயர் வேண்டாம். கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இரவு 11 மணிக்கு உள்ளே போனால் காலமை 7 மணிக்குத்தான் வெளியே வருவேன். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இந்த நாட்டின் முதல் டொலரைக் கண்டது இப்படியான கட்டடங்களின் கழிப்பறைகளைக் கழுவித்தான். வீடு வாங்கியபிறகு அதைப் பற்றிக் கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

மேல் தளங்களை 4 மணிக்குள் முடித்துவிட்டு 5 மணிக்கு வாசலுக்கு இறங்கவேண்டும். ஒபிஸ்காரர் வருவதற்கு முன்னம் முகப்பு பளபளவென்று இருக்கவேண்டும். சிகரெட் கட்டை, கோப்பிக் கோப்பை, சருகு. சித்திரை வைகாசியிலும் புரட்டாதி ஐப்பசியிலும் இவற்றோடு குருவியும் கிடக்கும். சுப்பவைசர் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஆறு மணிக்கு முன் எல்லாம் போய்விட வேண்டும், சனம் கண்டால் மேலே முறைப்பாடு போகும் என்று. நல்ல மனிதர்தான். அவருக்கு அது சருகு மாதிரி ஒரு விஷயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

அன்று ஒன்றைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. பெருவிரல் அளவுதான் உடம்பு. முதுகு பாசிப்பச்சை, உச்சந்தலையில் மஞ்சள் கோடு, அதன் இரண்டு கரையிலும் கறுப்பு. அந்த மஞ்சளை விரலால் விலக்கினால் உள்ளே நெருப்பு நிறத்தில் இன்னொரு கோடு ஒளிந்திருந்தது. ஒரு டொலர்க் குற்றியின் பாரம்கூட இல்லை. இன்னும் சூடாக இருந்தது. கோல்டன் கிரவுண்ட் கிங்லெட் என்ற அதன் பெயரும், அது ஆறு கிராம்தான் இருக்கும் என்பதும், வடக்கே ஊசியிலைக் காடுகளிலிருந்து வருகிறது என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஓடி வந்தார். ஒரு கையில் மீன் பிடிக்கும் வலை மாதிரி ஒன்று, மறு தோளில் துணிப்பை நிறையச் சின்னச் சின்னக் கடதாசிப் பைகள். "பிளீஸ், கூட்டாதீங்கோ" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது இங்கிலிஷ் அரைகுறை. தட்டிலிருந்த 17ஐயும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பதினோராவதோ பன்னிரண்டாவதோ, அவருடைய உள்ளங்கையில் கண்ணைத் திறந்தது. அதை ஒரு பைக்குள் விட்டு, வாயை மடித்து, கிளிப் போட்டார். எனக்குக் கால் நடுங்கியது. இன்னும் பத்து நிமிடத்தில் அது குப்பை அமத்தும் மெசினுக்குள் போயிருக்கும்.

ரொறன்ரோவில் 1993 முதல் ஃபிளாப் என்ற தொண்டு அமைப்பு இந்த வேலையைச் செய்து வருகிறது. அவர் அதன் தொண்டர். விடிய முன்னமே கட்டடம் கட்டடமாகச் சுற்றி, உயிருள்ளவற்றைப் பையில் போட்டுப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். செத்தவற்றை எங்கே, எந்த நேரம் என்று எழுதி எடுத்துவைப்பார்கள். பங்குனியில் றோயல் ஒன்ராறியோ மியூசியத்தில், ஒரு வருடத்தில் பொறுக்கிய அத்தனையையும் இனம் இனமாகத் தரையில் அடுக்குவார்கள். ஒரு தடவை போயிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கம்பளம். கிட்டப் போனால் ஒவ்வொரு நூலும் ஒரு குருவி. அங்கே நின்றபோது எனக்கு வந்த யோசனை வேறு. இதற்குள் நான் கூட்டிக் குப்பையில் போட்டவை இல்லை. என்னைப்போல் எத்தனை கட்டடத்தில் எத்தனை பேர் 5 மணிக்கே கூட்டியிருப்பார்கள்! நாங்கள் விட்டுவைத்ததைக் கடற்காகமும் றக்கூனும் கொண்டுபோயிருக்கும். எந்தக் கணக்கும் குறைந்த கணக்குத்தான்.

அன்று காலை அந்தப் பெண்மணி போகும்போது நிமிர்ந்து கட்டடத்தைக் காட்டினார். முகில் பதிந்து கிடந்தது. எங்கள் கட்டடத்தின் மேல்பாதி முகிலுக்குள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அந்த லைற்றெல்லாம் ஆருக்காக எரிகிறது என்று கேட்டார்.

எனக்காகத்தான்.

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுத்தது. சின்னக் குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் தூரப் பயணம் போகும். பொழுதுபட்டு அரை மணி, முக்கால் மணியில் கிளம்பும். காற்று அடங்கி, குளிர்ந்து இருக்கும், பருந்துப் பயமும் குறைவு, பகலைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரத்தையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடிக்கின்றன. ஐப்பசியில் வடக்கிலிருந்து இறங்கி வருபவற்றுக்கு முன்னால் ஒன்ராறியோ ஏரி குறுக்கே கிடக்கிறது. கரையில் இந்த நகரம். வானம் தெளிவாக இருந்தால் பல கூட்டங்கள் மேலாலேயே கடந்து போய்விடும். முகில் பதிந்தால் தாழப் பறக்கும். தாழப் பறந்தால் நகரத்தின் வெளிச்சத்துக்குள் அகப்படும். விளக்கைச் சுற்றும் ஈசல்போலச் சுற்றிச் சுற்றிக் களைத்து இறங்கும்.

நான் அதுவரை நினைத்திருந்தது இரவில் கட்டடத்தில் மோதித்தான் எல்லாம் சாகின்றன என்று. அதுவும் நடக்கும். ஆனால் பெரும்பகுதி சாவது விடிந்த பிறகு. இரவு வெளிச்சம் அவற்றை வரக்கூடாத இடத்துக்கு இழுத்து வருகிறது. காலமை பசியோடு எழும்பிப் பார்த்தால் முன்னால் ஒரு மரம். அது கண்ணாடிக்குள் தெரியும் மரம். கண்ணாடி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாதுதான், கதவுச் சட்டத்தையும் கைபிடியையும் பார்த்து ஊகிக்கப் பழகியிருக்கிறோம். அப்படியிருந்தும் மோல்களில் மூக்கை உடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஊரில் இப்படி ஒன்றை நான் ஏற்கெனவே கண்டிருந்தேன் என்பது பல மாதம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. எட்டு, ஒன்பது வயதிருக்கும். ஐப்பசி மழை. பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம், முற்றத்துப் பந்தலில் பெற்றோல்மாக்ஸ் கட்டியிருந்தார்கள். பொத்தென்று ஒன்று சுவரில் அடித்து விழுந்தது. பச்சை முதுகு, செட்டையில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு, வால் அடியில் குங்குமம் கொட்டினமாதிரிச் சிவப்பு. ஆறுமணிக் குருவி. காலமை ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் கத்துவதால் அந்தப் பெயர். மாரி காலத்தை எங்களோடு கழிக்க இந்தியாவிலிருந்து வருவது. நாங்கள் தண்ணி பருக்கப் பார்த்தோம். அம்மம்மா ஏசிவிட்டு, ஒரு கடகத்தைக் கவிழ்த்து மூடி, மேலே சாக்கைப் போட்டு, "ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது, அது இருட்டுக்கை இருக்கட்டும்" என்றார். விடியத் திறந்தபோது விருட்டென்று வேலிப் பக்கம் போய்விட்டது.

கடதாசிப் பையும் அதேதான். இருட்டு, அமைதி, தண்ணி பருக்காமை. அம்மம்மாவுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

(புலம்பெயர் பறவைகள் என்று எழுதினவுடன் எங்களையும் அவற்றோடு சேர்த்துக் கவிதை எழுத இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவை வருடா வருடம் திரும்பிப் போகிறவை.)

சரி, லைற் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தில் ஒரு மாடிக்கு ஒரே சுவிச். போட்டால் முழு மாடியும் எரியும், ஒரு மூலையை மட்டும் எரிக்க வழியில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 12 மாடி. 11 மணிக்கு செக்கியூரிட்டி 12ஐயும் போட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஒவ்வொன்றாக முடிக்க முடிக்க அணைக்க ஆரும் இல்லை. செக்கியூரிட்டியில் இருந்தவர் வடமராட்சிக்காரர், என்னைவிட 15 வயது மூத்தவர். ஒருநாள் கேட்டேன்.

"அண்ணை, நாங்கள் மேலை நிக்கேக்கை ஏன் கீழை எல்லாம் எரியுது?"

"தம்பி, ஒவ்வொரு மாடியா நான் ஏறி இறங்கிக்கொண்டு திரியேலுமோ? விசர்க் கதை கதையாதை."

"குருவியள் சாகுது அண்ணை."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நாங்களே இஞ்சை என்ன பாட்டிலை கிடக்கிறம்" என்றார். ஆனால் அடுத்த கிழமை அவரே வழி சொன்னார். மூன்று மூன்று மாடியாகப் போடுவார். முடிந்ததும் நான் வோக்கி ரோக்கியில் சொல்லவேண்டும், அவர் அணைத்துவிட்டு அடுத்த மூன்றைப் போடுவார். சில நாள் மறந்தார், சில நாள் நான் மறந்தேன். குருவி குறைந்ததா என்று கேட்டால், ஆறு கிழமையை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? ஒன்று மட்டும் தெரியும். தள்ளுவண்டியில் பிளீச் போத்தலுக்குப் பக்கத்தில் நாலு கடதாசிப் பை வைத்திருந்தேன். அந்த மாரி வருவதற்கு முன் மூன்றைப் பாவித்தேன்.

எங்கள் சின்ன வேலையின் அருமை, சிக்காகோக் கணக்கைப் படித்தபோதுதான் விளங்கியது. அங்கே ஏரிக்கரையில் மக்கோர்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மண்டபம். 1978 முதல் பீல்ட் மியூசியத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்ட் அதன் சுவரடியில் விழும் பறவைகளைப் பொறுக்கி வந்தார். எந்த இரவு எந்த யன்னல் எரிந்தது என்ற குறிப்பும் சேர்ந்துகொண்டது. பொறுமைக்கு விருது கொடுப்பதென்றால் அந்த மனிதருக்குத்தான் கொடுக்கவேண்டும். அந்தத் தரவை வைத்து 2021இல் வந்த ஆய்வு, அதுவரை அங்கே பதிவானதில் ஆகக் குறைந்த அளவுக்கு யன்னல் வெளிச்சத்தைக் குறைத்தாலே சாவு ஏறத்தாழ 60 வீதம் குறையும் என்று சொன்னது. அப்படியிருந்தும் 2023 ஒக்ரோபர் 5 காலமை, அதே ஒரு கட்டடத்தின் அடியில் கிட்டத்தட்ட ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. ஒரே இரவின் கணக்கு. அதற்குப் பிறகுதான், 2024இல், அந்தக் கண்ணாடி முழுவதும் புள்ளி வைத்த படலம் ஒட்டினார்கள். சாவு பெருமளவு குறைந்துவிட்டது. 45 வருடம் பொறுக்கியதன் பிறகு!

நியூயோர்க்கில் வேறு மாதிரி. செப்ரெம்பர் 11 நினைவாக வானத்துக்கு அடிக்கும் இரண்டு நீல ஒளித் தூண்கள் வலசை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் எரிகின்றன. ஏழு வருடங்களில் ஏழு இரவுகள், அவ்வளவுக்குள் 11 இலட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதை தவறியதாக 2017இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இப்போது கீழே ஆட்கள் நின்று எண்ணுகிறார்கள். ஒளிக்குள் சுற்றும் பறவை 1,000ஐத் தாண்டினால் 20 நிமிடம் அணைக்கிறார்கள். அணைத்ததும் சில நிமிடங்களில் அவை கலைந்து தம் வழியில் போய்விடுகின்றன. எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்தது இதுதான். எண்ணெய்க் கசிவு மாதிரி வருடக்கணக்கில் கழுவத் தேவையில்லை. சுவிச்சைத் தட்டினால் போதும்.

ரொறன்ரோ இதில் முன்னுக்கு நின்ற நகரம் என்று பெருமையாகச் சொல்லலாம். 2007இல் வழிகாட்டி எழுதினார்கள். 2010 முதல் புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்குக் கண்ணாடியில் புள்ளியோ கோடோ வைப்பது கட்டாயம், இப்போது நிலத்திலிருந்து 16 மீற்றர் உயரம் வரை. வலசைக் காலத்தில் சி.என். ரவரின் அலங்கார வெளிச்சத்தையும் மங்கவைக்கிறார்கள். 2013 பெப்ரவரியில் ஒரு வழக்கு முடிந்தது. பறவைகள் மோதிச் செத்த ஒரு ஒபிஸ் கட்டடத் தொகுதியைப் பற்றியது. கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் பகல் வெளிச்சமே ஒன்ராறியோச் சுற்றாடல் சட்டத்தின்படி ஒரு மாசு என்று நீதிபதி சொன்னார். புகையைப் போல, கழிவு நீரைப் போல! சொல்லிவிட்டு, கட்டடக்காரர் தங்களால் ஆன முயற்சியைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று விடுதலையும் செய்தார். நான் இரண்டையும் சரியென்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் 2010க்கு முன் கட்டியவைதான் இந்த நகரத்தில் பெரும்பாலும். அவற்றில் 1999இல் நான் நின்றதுபோல இன்றும் ஆரோ நிற்கிறார்கள். 'லைற்றை அணையுங்கள்' என்று 2006இலேயே நகரம் பிரசாரம் தொடங்கியது. சுவரொட்டிகளில் ஒபிஸ் வேலைக்காரரைப் பார்த்துச் சொல்வார்கள், வீட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள் என்று. அவர்கள் அணைத்துவிட்டுத்தான் போகிறார்கள். பிறகு நாங்கள் வந்து போடுகிறோம். கிளீனிங்கைப் பகலுக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். சில கட்டடங்கள் மாற்றியும் இருக்கின்றன. மற்றவை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் சத்தம், இடைஞ்சல் என்பார்கள். மொப் வாளியோடு ஒருத்தர் கண்ணில் படுவது பிடிக்காது என்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குருவிக்கும் சரி, இரவு முழுக்க முழித்து நாரி முறிந்து, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வீடு வந்து படுக்கிறவனுக்கும் சரி, பகல் வேலைதான் நல்லது. இதைப் பறவைக்காரரும் தொழிற்சங்கக்காரரும் ஒரே மேசையில் இருந்து கேட்டு நான் கண்டதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னுடைய வீட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையில்லை.

2013இல் வந்த ஆய்வொன்று கனடாவில் கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகள் வருடத்துக்கு 1.6 கோடியிலிருந்து 4.2 கோடி வரை என்றது. அதில் 90 வீதம் சாதாரண வீடுகளில். உயர்மாடிகளின் பங்கு 1 வீதம் மட்டில்தான். முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். யோசித்தால் சரிதான். கோபுரங்கள் சில ஆயிரம், வீடுகள் ஒரு கோடி மட்டில். ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ என்றாலும் எங்கே போய் நிற்கும்! பூமரத்துக்கு அடியில் விழுந்து கிடப்பதைப் பூனையின் வேலை என்று நினைத்துவிடுவோம்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சாப்பாட்டறையில் பெரிய கண்ணாடிக் கதவு. எதிரே மேப்பிள் மரம். மனுசி அந்தக் கண்ணாடியைக் கிழமைக்கு இரண்டு தரம் துடைத்து மினுக்கி வைத்திருப்பாள். நான் பழைய தொழில்காரன், கோடு விழாமல் துடைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன் அதில் ஒரு குருவியின் முழு அச்சு பதிந்திருந்தது. விரித்த செட்டை, ஒவ்வொரு இறகின் வரியும், தலை பட்ட இடம், எல்லாம் சாம்பல் தூளால் கீறினமாதிரி. கீழே ஒன்றுமில்லை. தப்பியதோ, போய் எங்காவது விழுந்ததோ.

முதலில் கடையில் விற்கும் பருந்துப் படம் ஒன்று வாங்கி ஒட்டினேன். பிரயோசனமில்லை. குருவி அதைப் பருந்தென்று நினைக்காது, அந்தப் படத்துக்குப் பக்கத்தால் போகலாம் என்றுதான் நினைக்கும். பிறகு புள்ளி ஒட்டும் நாடா எடுத்தேன். வெளிப்பக்கம் ஒட்டவேண்டும், புள்ளிக்குப் புள்ளி 5 சென்ரிமீற்றர், மேலும் கீழும் பக்கமும். உள்ளே ஒட்டினால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பட்டுத் தெரியும் வானம் அதை மறைத்துவிடும். அரைநாள் வேலை. மனுசி பார்த்துவிட்டு, "கண்ணாடிக்குச் சின்னமுத்துப் போட்டிருக்கு" என்றாள். இரண்டு கிழமையில் பழகிவிட்டது. இப்போது வருகிறவர்களுக்கு அவள்தான் விளக்கம் சொல்கிறாள்.

லைற்தான் இன்னும் முடியவில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கூரை விளிம்பு நீளத்துக்குப் பொட் லைற் போடுவது ஒரு வருத்தம் மாதிரிப் பரவியிருக்கிறது. அதில் எங்கள் ஆட்கள் பின்னுக்கு நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் 22. இருட்டினது முதல் விடியுமட்டும் எரியும். அந்த அண்ணையிடம் கேட்டேன். "தம்பி, கார் களவு எடுக்கிறாங்கள்" என்றார். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சர் போடலாம், திடீரென்று எரிந்தால்தான் கள்ளன் வெருளுவான் என்று சொல்லிப் பார்த்தேன். யோசிப்பம் என்றார். இந்த வருடம் 12 மணிக்கு அணைகிறமாதிரி ரைமர் போட்டிருக்கிறார். அதுவும் குருவிக்காக இல்லை, கரண்ட் பில்லுக்காக. பரவாயில்லை.

போன ஒக்ரோபர் இரண்டாம் கிழமை, ஞாயிறு காலமை, முன்பக்க யன்னலில் 'டக்' என்றது. அந்த யன்னலுக்கு நான் புள்ளி ஒட்டியிருக்கவில்லை. சின்ன யன்னல்தானே என்று விட்டது. தொண்டையில் வெள்ளைத் துண்டு கட்டினமாதிரி ஒரு சிட்டு, கண்ணுக்கும் சொண்டுக்கும் நடுவே மஞ்சள் பொட்டு, பக்கவாட்டில் கிடந்து மூச்சு வாங்கியது. ரொறன்ரோவில் ஆக அதிகம் அடிபடுகிறவற்றில் இதுவும் ஒன்று. பலசரக்குக் கடைக் கடதாசிப் பை ஒன்றுக்குள் துணியை மடித்து வைத்து, அதை உள்ளே விட்டு, உடுப்புக் கிளிப்பால் வாயை மூடினேன். எழும்பிப் பறந்தாலும் உள்காயம் இருக்கும், நிலையத்தில் காட்டுவதுதான் நல்லது என்பார்கள். மனுசி பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீற்றில் ஏறினாள்.

401 நெடுஞ்சாலையில் ஏறும்வரை ஒரு அசைவும் இல்லை. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. கெனடி வீதி கடந்ததும் அவள் கையை நீட்டி ரேடியோவை நிற்பாட்டினாள்.

கடதாசியில் நகம் பிறாண்டுகிற சத்தம்.